பக்கத்துக் கட்டில்

உனக்கு வந்திருக்கிறது சூட்டு வலி இல்லை, நெஜ வலிதான் என்று நான் சொன்னதும் பக்கத்துக் கட்டில் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சண்முகப்பிரியா. காடாம்புலியூர். தலைப்பிரசவம். முந்திரி உடைத்து உடைத்துக் கறுத்துப்போன விரல்கள்.

எனக்கு வலது கையில் மருந்து ஏறிக்கினு இருந்தது. இடது கையைக் கொடுத்தேன்.

போன வருசம் அவளுடைய அக்கா பிரசவத்தில் செத்துப்போனாளாம். நானும் போயிடுவேன், நானும் போயிடுவேன் என்று காலையிலிருந்து புலம்பிக்கினு இருந்தாள். நர்ஸம்மா அதட்டிப் பார்த்தார். இப்படிப் பயந்து உடம்பை இறுக்கினால் வலி வீணாய்ப் போகும், அப்புறம் ஆபரேஷன்தான் என்றார்.

எனக்கு இது ரெண்டாவது. தெரிந்ததைச் சொன்னேன்.

முதலில் இடுப்பைப் பிடிக்கும், அப்புறம் முன்பக்கம் சுற்றி வரும். நடந்தால் அடங்குவது சூட்டு வலி. நடக்க நடக்க ஏறுவது நெஜ வலி. ரத்தச் சளி பட்டால் பயப்படாதே, கர்ப்பப்பை வாய் திறக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பனிக்குடம் உடைந்தால் வெந்நீர் ஊற்றினாற்போலக் காலோடு ஓடும். வெளிக்கு முட்டுகிற மாதிரி வரும்போதுதான் முக்கணும். அதுவரைக்கும் கத்தித் தெம்பைத் தொலைக்காதே.

டவுன்ஷிப்பில் ரோடு கூட்டுகிறவள் நான். நீட்டுத் துடைப்பத்தைத் தள்ளும்போது மூச்சு விடுகிற மாதிரி விட்டுக் காட்டினேன். அவளும் விட்டாள். உன்கிட்ட எருமை தோத்துப்போகும் என்றேன்.

வலியோடு சிரித்தாள். உடம்பு இளகியது.

எனக்கும் வலி வந்து வந்து போனது. அவள் கையை நான் விடவில்லை.

அப்போதுதான் நிலக்கரி மைன்ஸில் மதிய வெடி வைத்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வெடிச் சத்தத்துக்கு வயிற்றில் பிள்ளை துள்ளும். இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு அது தெரியும். வார்டில் இருந்த எல்லாருடைய கையும் வயிற்றுக்குப் போனது. பழக்கம், மருந்து ஏறுகிற என் கையும் போனது.

“துள்ளுதுக்கா” என்றாள் சண்முகப்பிரியா. “உன்னுது துள்ளலையா?”

முந்தாநாள் வெடிக்கே துள்ளவில்லை. அதைப் பார்த்துத்தான் பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, பிள்ளைக்கு நாடி நின்றுபோயிடுச்சு, வலி வரவைத்துத்தான் வெளியே எடுக்கணும் என்று என் தலையைத் தடவிச் சொன்னார்.

சண்முகப்பிரியா என் முகத்தையே பார்த்துக்கினு இருந்தாள். அவளுக்கு அடுத்த வலி ஏறிக்கொண்டு வந்தது.

“தூங்குதுடி. நீ மூச்சை விடு” என்றேன்.