ஒரே பெல்ட்

ஒரு பழைய டிராக்டரில் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் டைனமோ கெட்டுப்போனது. மெக்கானிக் இருதயராஜ் அதைக் கழற்றிவிட்டு, அந்த வேலைக்குப் புதிய ஆல்டர்னேட்டரைப் பொருத்தி, பெல்ட்டை இழுத்து மாட்டினார். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பையும் அதே பெல்ட்தான் சுழற்றி வந்தது.

புதியதை அவர் துடைத்துத் துடைத்துப் பார்த்ததைப் பம்பால் பொறுக்க முடியவில்லை.

"நேத்து வந்தவனுக்கு மவுசைப் பார்த்தியா, தம்பி?" என்று பெல்ட்டிடம் குமுறியது. "நீ கொஞ்சம் வழுக்கிக் கொடு. அவன் சுத்தலேன்னா பேட்டரி இறங்கிடும். கழற்றி எறிஞ்சுடுவாங்க."

"நான் வழுக்கினா நீயும் சுத்தமாட்டியே, அண்ணே."

"எனக்கென்னடா? அவன் தொலைஞ்சாப் போதும்."

பெல்ட் வழுக்கியது. உழவின் நடுவில் தண்ணீர் கொதித்து, ரேடியேட்டர் ஆவி கக்கியது. சேதி கேட்டு ஓடிவந்த இருதயராஜ் சற்றும் யோசிக்கவில்லை.

"ஆல்டர்னேட்டர் புதுசு, அதுல குறையிருக்காது. பழைய பம்புதான் போயிருக்கும். பெல்ட்டும் நைஞ்சுபோச்சு" என்று இரண்டையும் கழற்றி வரப்போரம் வீசிவிட்டு, வேறு பம்பும் வேறு பெல்ட்டும் மாட்டினார். டிராக்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"என் பிழைப்பையும் கெடுத்துட்டியே, அண்ணே" என்று பெல்ட் அழுதது.

பம்பின் காதில் அது விழவில்லை.

"அவன் இன்னும் சுத்துறானா? எட்டிப் பார்த்துச் சொல்லு" என்றது.