ஹென்றி ராஜாவின் பிள்ளை

"ஆறாம் ஹென்றிக்குத் திடீர்னு சித்தம் கலங்கிடுச்சு, கோகுல். ஒன்றரை வருஷம் வாயே திறக்கல. ராணி பெத்த பிள்ளையக் கொண்டுவந்து காட்டினப்பகூட, ஒரு தரம் பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. கவனிக்கிறியா?"

கோகுல்நாத் ஜன்னலையே வெறித்துக்கொண்டிருந்தான்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவன் அம்மா வடிவுக்குப் பொறுக்கவில்லை. "தெனமும் தொண்டத் தண்ணி வத்தக் கத்திகினு கீறியேம்மா கலைவாணி! அவன் மண்டையில இன்னா ஏறப் போவுது?"

"ஏறும்" என்ற கலைவாணி விடவில்லை. "கிறிஸ்துமஸ் சமயத்துல ராஜாவுக்குத் தெளிஞ்சுது. 'குழந்தைக்கு என்ன பேரு?'ன்னு கேட்டாரு. ராணி 'ரிச்சர்டு'ன்னு சொன்னாங்க."

"எட்... எட்வர்டு."

வடிவின் கையிலிருந்த முறம் நழுவியது. முத்தாபுதுப்பேட்டை முனையில் லாரி இடித்துத் தள்ளிய நாளிலிருந்து ஒரு சொல்கூடப் பேசாத மகன்! அதற்கு முன்பு வரை காலேஜில் இங்கிலாந்து வரலாறு நடத்திய வாத்தியார்!

"நீ தப்பா சொல்லிட்டியாம்மா?"

"தெனமும் வேணும்னேதான் தப்பா சொல்றேன், அத்தே. உங்க பிள்ளைக்குத்தான் யாரு தப்பா சொன்னாலும் பொறுக்காதே! நேத்து வேற கதையில, ரிச்சர்டு ராஜாவோட தம்பி ஜானை அவருக்கு அண்ணன்னுகூடச் சொல்லிப் பாத்தேன், அசையல."

வழிந்த கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, கணவனின் முகத்தருகே குனிந்தாள் கலைவாணி.

"இன்னொரு தரம் சொல்லுங்க சார், திருத்திக்கிறேன்."