வண்டிக்கு ஒன்றுமில்லை

மலைச்சரிவுகளில் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் விழுந்தாலும் முதலில் வண்டியைத்தான் விசாரிப்பார்கள். பாறையில் முன்சக்கரம் மோதித் தூக்கி எறியப்பட்ட ஜெரால்டும், புல்லில் மல்லாந்து கிடந்தபடி அதையே கேட்டான்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலையேடா?"

பின்னால் வந்த வேந்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ செத்தாலும் உன் ஆவி வந்து செயினுக்கு எண்ணெய் போடும்டா." வண்டியை நிமிர்த்தி ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னான். சக்கரம் கோணவில்லை. பிரேக் பிடிக்கிறது. கியர் சரியாக விழுகிறது. ஹெல்மெட்டில்கூட ஒரு கீறல்தான்.

"அப்ப மிச்சத்தையும் இறங்கிரலாம்" என்றான் ஜெரால்டு. ஆனால் எழுந்திருக்கவில்லை.

வேந்தன் வந்து அவன் காலருகே உட்கார்ந்தான். குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தான். ஜெரால்டு வானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "ஷூவைக் கழட்டிவிடேன்டா. கால் கொஞ்சம் காத்தாடட்டும்."

ஷூக்கள் இரண்டும் ஏற்கெனவே வேந்தனின் மடியில் இருந்தன. அவன் நகம் ஜெரால்டின் உள்ளங்காலில் ரத்தம் கசியும்வரை அழுந்தியிருந்தது; கால் அசையவே இல்லை. கையை எடுத்துக்கொண்டு வண்டியின் பக்கம் திரும்பினான்.

"இருடா, பெடலை இன்னும் பாக்கல" என்றான்.