மோமோ ஷீட் சிரித்த கதை

இந்தக் கதையை எனக்குச் சொன்னது எங்கள் வீட்டு முள்கரண்டி. பல வருஷமாக நான் இதை முழுசாக நம்பியதில்லை.

கடையில் வாங்கிய ஒரு மோமோ ஷீட், அதாவது மோமோ என்ற நேபாளக் கொழுக்கட்டைக்கான மெல்லிய மாவு வட்டம், பாக்கெட்டிலிருந்து வெளியே வந்ததும் இட்லிப் பானையைத் தேடியது. ஆவியில் வேகவே தான் பிறந்திருப்பதாக அதன் எண்ணம். ஆனால் அடுப்பில் வெறும் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஷீட்டின் வயிற்றில் கீரையும் சீஸும் வந்து உட்கார்ந்தன.

“முட்டைக்கோஸ் எங்கேப்பா?” என்று ஷீட் கேட்டது.

“அதெல்லாம் இல்லண்ணே. இன்னிக்கு நீங்க ரவியோலி. தண்ணியில வேகற இத்தாலிக்காரர்,” என்றது சீஸ்.

“நானா? பாக்கெட்டுல வேற பேர் போட்டிருந்ததே!”

ஓரத்தில் தண்ணீர் தடவிப் பாதியாக மடித்தார்கள். ஷீட் மோமோ குலப் பழக்கத்தில் ஓரத்தில் கொசுவம் வைக்க நெளிந்தது. முள்கரண்டி அதை அழுத்தி, “நேரா படு. ஓரம் பிரிஞ்சா சீஸ் கதை முடிஞ்சுது,” என்று அதட்டியது.

“விட்டுடாதீங்கண்ணே,” என்று சீஸ் உள்ளிருந்து கெஞ்சியது.

கொதிநீரில் ஷீட்டுக்குத் தலைகால் புரியவில்லை. ‘நான் மோமோ’ என்று கத்தத் தோன்றியது. கத்தினால் ஓரம் பிரியும். தான் யார் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. சீஸ் பிழைத்தது.

தட்டில் தக்காளி சாஸ் ஊற்றினார்கள். ‘சரி, நான் ரவியோலிதான் போல’ என்று ஷீட் மெல்ல நம்பத் தொடங்கிய நேரத்தில், சாப்பிட வந்த விருந்தாளி, “அட, மோமோவா!” என்றார்.

அதைக் கேட்டு ஷீட் வாயைப் பிளந்து சிரித்தது என்று முள்கரண்டி அடித்துச் சொல்கிறது. போன வாரம்தான் அதனிடம் கேட்டேன்:

“சிரித்தது என்கிறாயே, அப்போது நீ அதைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தாய் அல்லவா?”