நாலு விரல் கை

த்ரீ-டி பிரிண்டருக்குள் ஒரு துப்பாக்கியின் வரைபடம் வந்து இறங்கியது.

"நான் வெறும் கோடுதான். சுட்டவன் பாவம் சுட்டவனுக்கு" என்றது அது.

"நானும் பிளாஸ்டிக்கை உருக்கி ஊத்துறவன்தானே, எனக்கென்ன வந்தது!" என்று பிரிண்டர் சூடேறத் தொடங்கியது.

பக்கத்தில், மிஸ்பா என்ற சிறுமிக்காக அது நேற்று செய்த செயற்கைக் கை நாலு விரலோடு கிடந்தது.

"அண்ணே," என்றது கை. "'மிஸ்பா இனிமே பென்சில் பிடிப்பா, எல்லாம் என் வேலை'ன்னு நேத்து முழுக்கப் பீத்திக்கிட்டீங்களே. நான் உங்க வேலைன்னா, அந்தத் துப்பாக்கி யார் வேலை?"

பிரிண்டரில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது.

"ஏன் நின்னுட்டே?" என்று வரைபடம் அதட்டியது.

"நீ கிளம்பு," என்றது பிரிண்டர். "மிஸ்பாவுக்கு இன்னும் கட்டைவிரல் பாக்கி இருக்கு."