ஏழாம் எண் உறை

“நாலாம் எண் அவள்தான், சந்தேகமே இல்லை” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மொழித்துறைப் பேராசிரியர் பதவிக்கு வந்திருந்த ஒன்பது கட்டுரைகளையும் அன்று இரண்டாவது முறையாகப் படித்து முடித்திருந்தார்.

கட்டுரைகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யாருக்கு எந்த எண் என்பது விண்ணப்பித்தவருக்கும் பதிவாளரிடம் இருக்கும் ஒட்டிய உறைக்கும்தான் தெரியும். துணைவேந்தர் ஓர் எண்ணைத் தேர்ந்து கையெழுத்துப் போட்ட பிறகே அந்த உறை பிரிக்கப்படும்.

சிபாரிசை ஒழிக்க, பதவிக்கு வந்த முதல் மாதமே அவர் கொண்டுவந்த ஏற்பாடு இது. சிபாரிசு செய்கிறவர்கள் இதற்கெல்லாம் அசரவில்லை. முன்பு பெயரைச் சொன்னார்கள், இப்போது எண்ணைச் சொல்கிறார்கள்.

அவர் மொழியறிஞர். பழைய ஏட்டில் எவனோ இடையில் செருகிவிட்டுப் போன நாலு வரியைக்கூட மோப்பம் பிடித்துவிடுவார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று, ஒரு பத்தியைப் படித்தாலே எழுதினது யார் என்று சொல்லிவிடுவதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நாலாம் கட்டுரையில் ஒவ்வொரு சொல்லுக்கும் மும்மூன்று சான்று இருந்தது. ஏழாம் கட்டுரையிலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் நம்பிக்கை விட்டுப்போன யாரோ கடமைக்கு எழுதியது போலிருந்தது. நாலைப் போல எழுதக்கூடியவள் அகராதிக்காரி ஒருத்திதான்.

அகராதிக்காரி என்பது துறையில் எல்லாரும் வைத்த பட்டப்பெயர். பதினான்கு வருடங்களுக்கு முன் அவரும் அவளும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து அகராதிக்குச் சொல் சேகரித்தார்கள். அந்த அகராதியின் முதல் தொகுதி அவரைத் துறைத்தலைவராக்கியது, பிறகு டீனாக்கியது, கடைசியில் இந்த நாற்காலியிலும் கொண்டுவந்து உட்கார வைத்தது. அவள் மட்டும் இன்னும் அதே மேசையில், தற்காலிக விரிவுரையாளராகவே இருக்கிறாள்.

இதற்கு முன் மூன்று முறை இடம் காலியானது. ஒவ்வொரு முறையும், “இந்தத் தடவை உனக்குத்தாம்மா” என்று வாக்குக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. “என் கையில என்னம்மா இருக்கு?” என்று அவளிடமே போய் அழாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

இன்றைக்கு விடுவதில்லை என்று பேனாவைத் திறந்தார். தொலைபேசி அடித்தது.

“ஐயா, சௌக்கியமா இருக்கீங்களா?” அமைச்சரின் உதவியாளர்தான். “அந்த ஏழாம் நம்பரைக் கொஞ்சம் பாத்துக்குங்க.”

“ஏழு பரவாயில்ல தம்பி. ஆனா நாலுதான் இருக்கிறதுலயே...”

“பாவம், ரொம்ப வருஷமா காத்திருக்கிறவங்க ஐயா. அமைச்சருக்கே மனசு இளகிடுச்சு.”

சிபாரிசோடு வருகிற எல்லாருமே ரொம்ப வருஷமாகக் காத்திருக்கிறவர்கள்தானே என்று துணைவேந்தர் பல்லைக் கடித்தார்.

“முடியாதுன்னா என்ன பண்ணுவீங்க?” இப்படிக் கேட்டது தான்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

“நாங்க என்னங்க பண்ணப் போறோம்? உங்க அகராதிப் பிரிவை மூடுற ஃபைல் இங்க கையெழுத்துக்கு வந்திருக்கு. ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான்.”

போனை வைத்த பிறகும் அவர் கை அதன் மேலேயே இருந்தது. நாலுக்குக் கையெழுத்துப் போட்டால் அவளுக்கு வேலை கிடைக்கும், கூட வேலை பார்க்கும் பத்துப் பேரும் பாதியில் நிற்கும் அகராதியும் தெருவுக்கு வந்துவிடும். ஏழுக்குப் போட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? இருதலைக் கொள்ளி எறும்பாக அரைமணி நேரம் அறைக்குள்ளேயே நடந்தார்.

கடைசியில் ஏழுக்கே போட்டார். முப்பது வருடம் படித்த படிப்பு இந்த ஒரு கையெழுத்துக்கு உதவவில்லையே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

“உறையை இங்கேயே பிரிக்கட்டுமா சார்?” என்று பதிவாளர் கேட்டார்.

“வேண்டாம். அது எந்த மகராசனா இருந்தா எனக்கென்ன? கொண்டுபோய்ப் பலகையில ஒட்டுங்க.”

கால்மணி நேரத்தில் அகராதிக்காரி உள்ளே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. எழுந்து நின்றார்.

“திட்டணும்னா திட்டிடும்மா, நான் வாங்கிக்கிறேன். உன் கட்டுரைன்னு தெரிஞ்சும் நாலைத் தள்ளிட்டு ஏழுக்குக் கையெழுத்துப் போட்ட பாவி நான்.”

அவள் புரியாமல் விழித்தாள். “நாலு யாருன்னு எனக்குத் தெரியாது சார். நான் ஏழு.”

துணைவேந்தர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

“நீயா? நீயா போய் அமைச்சர்கிட்ட நின்னே? உன் நம்பரை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, யார் சொன்னாலும் கேக்காம நானே உனக்குப் போட்டிருப்பேனேம்மா!”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

“போட்டிருக்க மாட்டீங்க சார்.”