முதல் கை

"கண்களை மூடியபடியே இருங்கள். ஆண்டவரை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை மட்டும் உயர்த்துங்கள்," என்று ஜெபசிங் மேடையிலிருந்து அழைத்தான். ஒரு கையும் எழவில்லை. முன்பெல்லாம் அவன் மனைவி பெனிட்டாதான் பெண்கள் பக்கத்திலிருந்து முதல் கையை உயர்த்துவாள். "ஒரு கையைக் காண்கிறேன்" என்று அவன் பொய்யில்லாமல் சொல்வான். அதைக் கேட்டுக் கூச்சம் விட்டு மற்றவர்கள் உயர்த்துவார்கள். அவள் இறந்தபின் இதுதான் அவனுடைய முதல் கூட்டம்.

"ஒரு கை தெரியுதுன்னு சும்மா சொல்லிவிடுங்க பாஸ்டர். மிச்சம் தானா எழும்பும்," என்று பின்னாலிருந்து டீக்கன் கிசுகிசுத்தார்.

"ஒரு சகோதரியின் கையைக் காண்கிறேன்," என்றான்.

பந்தலெங்கும் கைகள் எழுந்தன.

"ஸ்தோத்திரம்! போதும் பாஸ்டர், எறக்கச் சொல்லுங்க. பாவம், கை வலிக்கும்லா?"

ஜெபசிங் பெண்கள் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இறக்கச் சொன்னால் பெனிட்டாவும் இறக்கிவிடுவாள்.